சொட்டும் குழாயும் தொட்டியில் கொட்டும் பிளீச்சிங் பவுடரும்

"போன மாசம்தாங்க வாசர் போட்டேன், மறுபடி சொட்டுது." தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு ஹார்டுவேர் கடையில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "மட்டமான சரக்கு குடுத்துட்டீங்கண்ணா" என்று ஒருவர் சொல்வார். "தண்ணி அப்படிங்க, நான் என்ன பண்றது" என்பார் கடைக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வாசர் சும்மா கெட்டுப்போவதில்லை. நாம் தொட்டியில் போடும் மருந்து, தண்ணீரோடு வரும் உப்பும் மண்ணும், சொட்டுவதை நிறுத்த நாம் குழாயை முறுக்குகிற முறுக்கு எல்லாம் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. எதனால் கெட்டது என்று பார்க்காமல் புது வாசர் போட்டால் அதுவும் பழையதன் வழியிலேயே போகும்.

முதலில் நம் ஊர்த் தண்ணீர். பல வீடுகளில் மாடித் தொட்டி ஒன்றுதான் இருக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் தண்ணி விடும் நாளில் அது ஏறும், விடாத நாளில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணி ஏறும். கோடையில் போர் வற்றிவிட்டால் டேங்கர் தண்ணியும் அதிலேயே விழும். ஒகேனக்கல் தண்ணி ஆற்றுத் தண்ணி. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். போர் தண்ணியில் மருந்து எதுவும் கிடையாது. பாறை இடுக்கில் ஊறிய சுண்ணாம்புச் சத்தும், சில இடங்களில் இரும்பும், பல இடங்களில் புளோரைடும் அதில் உண்டு. இரண்டின் குணமும் வேறு வேறு. ஒன்று குழாய்க்குள் படியவைப்பதை இன்னொன்று கிளறிவிடும். சொட்டுக் குழாய்க் கதையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

வாசரைப் படிக்கத் தெரிந்தால் மீதிப் பாதியும் விளங்கிவிடும். குழாயைக் கழற்றி எடுத்த வாசரைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல மடக்குங்கள். மடங்காமல் கல் மாதிரி இருக்கிறதா? மடக்கிய இடத்தில் முடி போன்ற வெடிப்புகள் தெரிகின்றனவா? வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி கறுப்பு ஒட்டுகிறதா? இவை குளோரினின் அடையாளம். ரப்பரின் மேல்தோலைக் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அரிபட்ட ரப்பரில் கலந்திருந்த கரித்தூள்தான் விரலில் ஒட்டுவது. சில வீடுகளில் வாளித் தண்ணீரில் கறுப்புத் துணுக்கு மிதப்பதும் பெரும்பாலும் இப்படி உதிர்ந்த ரப்பர்தான். அதை இரண்டு விரலில் நசுக்கினால் மை போல இழுபடும். மண்ணாக இருந்தால் நறநறக்கும்.

வாசர் மெத்தென்று, அளவுக்கு மீறிப் பெருத்து, வழவழப்பாக இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது என்று அர்த்தம். திருகு லேசாகச் சுழலட்டும் என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ வண்டிக் கிரீஸோ தடவுவது நம் பக்கம் சகஜம். சாதாரண ரப்பருக்கு மூன்றுமே ஆகாது. ஊதிப்போன வாசர், தன்னைத் தாங்கும் ஜம்பர் தண்டை விட்டு நழுவி, சீட்டின் மேல், அதாவது வாசர் அழுந்தித் தண்ணீரை அடைக்கும் உள்விளிம்பின் மேல், கோணலாக உட்காரும். தடவித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸை, குடிநீருக்கு உகந்தது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உளுந்து அளவு தொட்டுத் தடவினால் போதும்.

ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, முகத்தில் மட்டும் ஒரு வெட்டு, அதில் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ ஒரு துகள் பதிந்திருக்கிறது என்றால் குற்றவாளி அந்தத் துகள். வாசர் முழுக்க வட்டமாக ஆழப் பள்ளம் விழுந்திருந்தால் அது முறுக்கின் வேலை. வாசரில் எந்தக் குறையும் இல்லையென்றால் சீட்டைப் பாருங்கள்.

இனி பிளீச்சிங் பவுடர். அதிகம் எழுத வேண்டிய விஷயம் இதுதான்.

புதிதாக வாங்கிய நல்ல பிளீச்சிங் பவுடரில் பயன்தரும் குளோரின் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மூட்டை திறந்து, ஈரக்காற்றும் வெயிலும் பட்டால் நாளுக்கு நாள் குறையும். கணக்குக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் வேண்டுமென்றால் 4 கிராம் பவுடர் போதும். வழித்துச் சமன் செய்த ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பலர் போடுவது கை நிறைய ஒரு பிடி. அது 50 கிராம் என்று கொள்ளுங்கள், தொட்டி 500 லிட்டர். லிட்டருக்கு 25 மில்லி கிராம் ஆகிறது. வீட்டுக் குழாயில் வரும் நீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் குறைந்தது 0.2 மில்லி கிராம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500. அதிகபட்சம் 1. அந்த 0.2க்கும் 1க்கும் நடுவே இருந்தால் நல்ல வாசர் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். 25 என்ற கணக்கில் மாதாமாதம் குளித்தால் எந்த ரப்பரும் தாங்காது.

அளவைவிட மோசமானது போடும் விதம். பிளீச்சிங் பவுடரில் கணிசமான பங்கு சுண்ணாம்பு. அது தண்ணீரில் முழுதாகக் கரைவதே இல்லை. பவுடரை அப்படியே தொட்டியில் தூவினால் சுண்ணாம்பு அடியில் தங்கும், தொட்டி காலியாகும்போது பைப்பில் இறங்கும், குழாயின் சீட்டில் போய் உட்காரும். மூடும்போது வாசருக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிய துகள் ரப்பரை வெட்டும். அந்த வெட்டு வழியாகச் சொட்டு விழும். சொட்டை நிறுத்த இன்னும் முறுக்குவோம், வெட்டு இன்னும் ஆழமாகும். பவுடர் போட்ட மறுநாளே சொட்டத் தொடங்குகிறது என்றால் நான் குளோரினைச் சந்தேகிக்கமாட்டேன், சுண்ணாம்பைத்தான் சந்தேகிப்பேன். குளோரின் ரப்பரைக் கொல்ல மாதங்கள் ஆகும். சுண்ணாம்புத் துகளுக்கு ஒரு ராத்திரி போதும்.

சரியான முறை கடினமல்ல. பிளாஸ்டிக் மக்கில் அளந்த பவுடரைப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, குச்சியால் தோசை மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து 15 முதல் 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். வெள்ளை மண்டி அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் மெதுவாகச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றுங்கள், முடிந்தால் வேட்டித் துணியில் வடித்து. மண்டியைக் கழிப்பறையில் கொட்டிவிடலாம், ஆனால் அங்கே அப்போது ஆசிட் எதுவும் ஊற்றியிருக்கக் கூடாது. தொட்டியில் ஊற்றிய பின் அரை மணி நேரமாவது குழாயைத் திறக்காதீர்கள். அலுமினியப் பாத்திரத்திலோ இரும்பு வாளியிலோ இதைக் கரைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். ஒகேனக்கல் தண்ணியில் ஏற்கெனவே குளோரின் இருக்கிறது. அந்தத் தண்ணீரால் நிரம்பிய தொட்டியில் மறுபடி பவுடர் போடுவதற்கு முன்பு ஒரு சொட்டுச் சோதனை செய்துவிடுங்கள். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோராஸ்கோப்பில் செய்கிற அதே சோதனைதான். குழலில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், பக்கத்தில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறம் வந்தால் உங்கள் வேலை அங்கே எதுவும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து வாடை அடிக்கிறது, குழாயும் கெடுகிறது என்று ஒகேனக்கல் தண்ணியைத் துணி துவைக்க வைத்துவிட்டு, ருசியாக இருக்கிறது என்று போர் தண்ணியைக் குடிக்கிற வீடுகள் இருக்கின்றன. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. புளோரோசிஸ் என்பது புளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெடும் நோய். நம் இரண்டு மாவட்டப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையையும் பெரியவர்களின் மூட்டு வலியையும் பார்த்துத்தான் 2013இல் அதைக் கொண்டுவந்தார்கள். குளோரின் வாடை, அகலமான பாத்திரத்தில் துணி மூடிச் சில மணி நேரம் வைத்தால் போய்விடும். கொதிக்கவைத்தாலும் போய்விடும். புளோரைடு இப்படியெல்லாம் போகாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும். ஒரு வாசருக்காகப் பிள்ளையின் எலும்பைப் பணயம் வைக்காதீர்கள்.

படிகாரத்துக்கும் இதே எச்சரிக்கை. மழைக்காலத்தில் கலங்கல் வந்தால் சீனாக்காரக் கட்டியை மாடித் தொட்டியில் போட்டுவிடுவார்கள் சிலர். படிகாரம் கலங்கலைத் திரட்டிப் பஞ்சு மாதிரி ஒரு வழவழப்பான மண்டியாக அடியில் இறக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் அதை வெளியேற்றத் தனித் தொட்டி உண்டு, மணல் வடிகட்டி உண்டு. நம் மாடித் தொட்டியில் எதுவுமில்லை. அந்த மண்டி நேராகப் பைப்பில் இறங்கி, குழாய் நுனியில் இருக்கும் சல்லடையை அடைக்கும். படிகாரம் போடுவதானால் தனி டிரம்மில் போட்டு, தெளிந்ததை மட்டும் மேலிருந்து மொண்டு எடுங்கள்.

போர் தண்ணியில் இரும்பு இருந்தால் குளோரின் இன்னொரு வேலை செய்யும். பம்பிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், பவுடர் போட்டதும் ஒரு மணி நேரத்தில் டீ நிறமாகும். மருந்து கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருத் துகளாக மாற்றிவிடுகிறது. அந்தத் துகள் தொட்டியிலேயே படிய 6, 7 மணி நேரம் விட வேண்டும். பைப் எடுக்கும் துளை தொட்டியின் அடியிலிருந்து 2 இஞ்சாவது உயரத்தில் இருக்க வேண்டும், கழிவுத் துளை வேறாக அடிமட்டத்தில் இருக்க வேண்டும். இந்த அமைப்பு இல்லாத தொட்டியில் ஆண்டு முழுக்கக் குழாய் ரிப்பேர் ஓயாது.

பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்ட வீடுகளில் உள்ளே பல ஆண்டுத் துருவும் சுண்ணாம்பும் ஏடு ஏடாகப் படிந்திருக்கும். போர் தண்ணி மட்டும் ஓடியவரை அது அசையாது. குளோரின் கலந்த, சுண்ணாம்புச் சத்து குறைந்த ஆற்றுத் தண்ணி பாயத் தொடங்கியதும் அந்த ஏடு விண்டு உதிரும். துருவில் வாழ்கிற நுண்ணுயிர்களின் கொழகொழப்பையும் குளோரின் கொன்று கழற்றிவிடும். புது இணைப்பு கொடுத்த முதல் சில வாரம் வீட்டில் எல்லாக் குழாயும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் வாசர் வாங்க ஓடாதீர்கள். முதலில் லைனைக் கழுவுங்கள். குழாய் நுனிச் சல்லடைகளையும் ஷவர் தலையையும் கழற்றி வைத்துவிட்டு, தொட்டி நிறைந்திருக்கும்போது வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயை, பெரும்பாலும் வாசல் குழாயாக இருக்கும், முழுதாகத் திறந்து 5 நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மேலே வாருங்கள். பாதிக் குழாய்களின் சொட்டு இதிலேயே நின்றுவிடும். மாட்டிய துகள் தண்ணீரோடு போய்விடும், ரப்பர் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கும்.

தொட்டிக்குக் கீழே, கேட் வால்வுக்கு அடுத்து ஒரு ஒய் வடிவ ஸ்ட்ரெய்னர் போட்டுவிடுவது நல்ல செலவு. உள்ளே துருப்பிடிக்காத வலை இருக்கும். மாதம் ஒரு முறை வால்வை மூடி, அடிமூடியைத் திருகி வலையை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். மறந்தால் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வந்து ஞாபகப்படுத்தும்.

வாசர் மாற்றும் முறைக்கு வருகிறேன். சொட்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மூடிய பின் வாய் வழியாகச் சொட்டினால் வாசர் அல்லது சீட். குழாய் திறந்திருக்கும்போது கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் கிளாண்டு, அதாவது கைப்பிடியின் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றிய அடைப்பு. வாஷ்பேசினில் திரும்பும் மூக்குக் குழாயின் அடியில் கசிந்தால் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம்.

தொட்டி வால்வை மூடுங்கள். பழைய கேட் வால்வுகள் உள்ளே அரித்துப்போய் முழுதாக மூடாது. அப்படியிருந்தால் தொட்டிக்குள் பைப் வாயில் துணி சுற்றிய மரக்கட்டையை அடைத்துவிட்டு, கையோடு அந்த வால்வையும் பால் வால்வாக மாற்றிவிடுங்கள். பைப்பில் மீந்த தண்ணீரை வடியவிட்டு, கைப்பிடித் திருகை எடுத்து, தலைப்பாகத்தை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன்னால் குழாயைப் பாதித் திறந்த நிலையில் வைத்துக்கொள்வது முக்கியம். மூடிய நிலையில் கழற்றினாலும் மாட்டினாலும் ஜம்பர் சீட்டை அழுத்தி மரையைக் கெடுக்கும். இன்னொரு கையால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கும் எல்போ சேர்ந்து திரும்பிவிடும்.

பழைய வாசரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் அரை இஞ்ச் குழாய் என்றாலும் வாசரின் விட்டம் ஒன்றுபோல் இருக்காது. கடையில் டப்பாவில் குவித்து வைத்திருக்கும் கறுப்பு வாசர் பலவும் மறுசுழற்சி ரப்பர். ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். குளோரினைத் தாங்குவதில் சாதாரண ரப்பரை விட அது எவ்வளவோ மேல். விலை வித்தியாசம் ஒரு டீக்காசு. ஆனால் அதற்கும் வாசலின், கிரீஸ் ஆகாது. கடையில் அந்தப் பெயர் தெரியாவிட்டால் நல்ல கம்பெனியின் பாக்கெட் வாசரைக் கேளுங்கள். நகத்தால் அழுத்தினால் உடனே எழும்பி வர வேண்டும், தாளில் தேய்த்தால் கறுப்பு ஒட்டக் கூடாது.

புது வாசரைப் போடுவதற்கு முன் சீட்டைச் சுண்டுவிரலால் தடவுங்கள். விளிம்பில் பள்ளமோ கீறலோ இருந்தால் வாசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் இல்லை. பித்தளைச் சீட்டுக்குச் சீட் கட்டர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு, பிளம்பர்களிடம் இருக்கும். தலைப்பாகம் இருந்த மரையில் அதைத் திருகி, மெல்ல இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் சீட் சமமாகிவிடும். வெட்டின பொடி உள்ளே தங்காமல் தொட்டி வால்வைக் கொஞ்சம் திறந்து தண்ணீரை அடித்துவிட வேண்டும். அந்த ஒரு நொடி வேலையைச் செய்யாமல் விட்டால் பித்தளைப் பொடி புது வாசரில் குத்தி உட்காரும்.

சீட் வெளிறிய ரோஸ் நிறமாக, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மாதிரி இருந்தால் கட்டரை எடுக்காதீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு மிகுந்த தண்ணீரும் அதிகக் குளோரினும் சேர்ந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து போய், ஓட்டை ஓட்டையான செம்பு எஞ்சும். வெளியே மரை ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் இதன் அறிகுறி. அந்தக் குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிது வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். பளபளப்புக்குள் வெறும் துத்தநாகக் கலவையாக இருக்கும் மலிவுக் குழாய்கள் நம் போர் தண்ணியில் சீக்கிரம் போய்விடும். பித்தளைக் குழாய்க்கு ஐ.எஸ். 781, பிளாஸ்டிக் குழாய்க்கு ஐ.எஸ். 9763. இந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம், துவைக்கிற கல், மாட்டுத் தொட்டி போன்ற இடங்களுக்கு நல்ல பி.டி.எம்.டி. (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) குழாயே போதும் என்பது என் கருத்து. அதை உப்பும் குளோரினும் அரிப்பதில்லை. ஆனால் மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி ஸ்பேனர் போட்டு இறுக்கினால் எதிர்ப்பக்க பிளாஸ்டிக் வெடிக்கும்.

கிளாண்டு கசிவுக்கு, முதலில் கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பைக் கயிறு போல முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி 4, 5 சுற்றுப் போட்டு, நட்டால் அழுத்துங்கள்.

கால் திருப்பில் திறக்கும் புது ரகக் குழாய்களில் வாசர் கிடையாது, இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நிற்கும். குளோரின் அந்தத் தட்டை ஒன்றும் செய்யாது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் வளையத்தை இறுகவைக்கும், துகள் தட்டைக் கீறும், சுண்ணாம்பு தட்டுகளை ஒட்டவைக்கும். கைப்பிடி இறுக்கமாகத் திரும்பினால் தட்டுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜைக் கழற்றி, 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். தட்டில் கீறல் விழுந்திருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றத்தான் வேண்டும்.

எலுமிச்சை உப்பு என்று சொல்லும்போதே பாத்ரூம் ஆசிட் ஞாபகம் வருகிறது. குழாயில் வெள்ளைப் படிவு பிடித்தால் பலர் எடுப்பது அந்தப் பாட்டிலைத்தான். அந்த ஆசிட் படிவைவிட வேகமாக மேல்பூச்சையும் பித்தளையையும் தின்னும். அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் பயன்படுத்தாதீர்கள், ஒரே அலமாரியில் வைக்கவும் வேண்டாம்.

போர் தண்ணியின் கடினத்தைக் குறைக்க சாஃப்ட்னர் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொஞ்சம் கணக்கு. கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லி கிராம் என்றால், 25 லிட்டர் ரெசின் (சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) உள்ள சாஃப்ட்னர் சுமார் 2000 லிட்டர் வரை தாக்குப்பிடிக்கும். பிறகு 3 முதல் 4 கிலோ உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். உப்பு விட்டபின் சரியாக அலசாமல் தொட்டிக்குத் திருப்பினால் உப்பு நீர் குழாய்களுக்கு வரும். பித்தளைச் சீட்டையும் கெய்சர் உடம்பையும் அது அரிக்கும். அலசி முடித்த தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கரித்தால் இன்னும் அலசுங்கள். குளோரின் கலந்த தண்ணீரை நாள் முழுக்க சாஃப்ட்னர் வழியாக விட்டால் ரெசினும் கெடும். ஒகேனக்கல் தண்ணிக்கு அது தேவையும் இல்லை, பைபாஸ் வால்வு வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் புளோரைடை நீக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெய்சரை 50, 55 டிகிரியில் வைத்தால் சுண்ணாம்பு படிவது நன்றாகக் குறையும்.

ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் மாடித் தொட்டிக்கே திருப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் உப்பும் சுண்ணாம்பும் புளோரைடும் கூடுதலாக இருக்கும், எல்லாக் குழாயிலும் படிவு ஏறும். அதைத் தனி வாளியில் பிடித்து வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

புதுப் போர் போட்டாலோ மோட்டார் இறக்கி ஏற்றினாலோ போருக்குள் மருந்து விடுவது வழக்கம். ஆறரை இஞ்ச், ஆறு இஞ்ச் என்று பல அளவு உண்டு. ஆறு இஞ்ச் போரில் ஒரு மீட்டர் நீர் நிற்க ஏறக்குறைய 18 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து அடிவரை 300 அடி தண்ணீர் இருந்தால் சுமார் 1650 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லி கிராம் குளோரினுக்கு, 25 சதவீதப் பவுடர் 330 கிராம். தெளிவை மட்டும் ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை வெளியே இறைத்துவிடுங்கள். மாமரத்துப் பாத்தியிலோ மீன் இருக்கும் குட்டையிலோ விட வேண்டாம். வீட்டு லைனுக்கு ஒரு சொட்டுகூட அப்போது போகக் கூடாது. மாடித் தொட்டி கழுவும்போதும் இதே விதிதான், 1000 லிட்டருக்கு 200 கிராம் போட்டு ஊறவைத்த அந்தத் தண்ணீரைக் கழிவுத் துளை வழியாக வெளியேற்ற வேண்டும். "காலி பண்ணணுமே" என்று எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு வாசரும் ஒவ்வொரு ஓ ரிங்கும் அந்தக் காட்டமான மருந்தில் குளிக்கும்.

கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்குக்குள் போட்டு வைக்கிற குளோரின் மாத்திரையும் அப்படித்தான். ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கும் தண்ணீரில் அது கரைந்து, அடியில் இருக்கும் ரப்பர் மூடியை முறுக்கிக் கோணலாக்கிவிடும். பிறகு டேங்க் நிரம்பிக்கொண்டே இருக்கும், மோட்டார் ஏன் அடிக்கடி ஓடுகிறது என்று தெரியாமல் தேடுவோம். டேங்க்கில் நாலு சொட்டு நீலச் சாயத்தை விட்டு 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் ரப்பர் போய்விட்டது.

சொட்டு எவ்வளவு வீண் என்று தெரிய வேண்டுமென்றால், 20 சொட்டு சுமார் 1 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் கொட்டிவிடும். நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணி விடுகிற தெருவில் அது ஒரு குடம்.

கடைசியாக, குழாயில் தெரியாமல் சிங்க் அடியில் ஒளிந்திருக்கும் ஒன்று. ஆங்கிள் வால்விலிருந்து குழாய்க்குப் போகும் கனெக்‌ஷன் டியூப். வெளியே துருப்பிடிக்காத கம்பிப் பின்னல், உள்ளே ரப்பர். அதன் பக்கத்திலேயே ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் டப்பாவையும் வைப்பது நம் வழக்கம். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசிகிற ஆவி அந்தக் கம்பியை அரிக்கும். டார்ச் அடித்துப் பின்னலைப் பாருங்கள், நட்டுக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலோ, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஊருக்குப் போயிருக்கும் நாளில் வெடித்தால் மாடித் தொட்டி முழுக்க வீட்டுக்குள் இறங்கும். புது டியூபைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று மட்டும் கொடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாசர் அதற்கு மேல் அழுத்தினால் நசுங்கிவிடும். தாளை அடியில் விரித்து வைத்து, மறுநாள் காலை ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.